இரண்டாவது இடியப்பம்

போன செவ்வாய்க்கிழமை காலை என்னைச் சாய்த்தது ஓர் இடியப்பம். சரியாகச் சொன்னால், இரண்டாவது இடியப்பம்.

இத்தனை வாரமாகப் பத்தி எழுதாமல் எங்கே போனாய் என்று கேட்டவர்களுக்கு – ஒப்பரேஷன்! நாள்பட்ட அல்சர். இரைப்பையில் பாதியை வெட்டி எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர் என் மனைவி சந்திராவிடம் படித்துப் படித்துச் சொன்னார்.

“அம்மா, கொஞ்சங் கொஞ்சமா ஆறு தரம் குடுங்கோ. ஒரேயடியாக் குடுத்தால் வயித்திலை தங்காமல் நேரே குடலுக்கை இறங்கியிடும். வேர்க்கும், நெஞ்சு படபடக்கும்.”

எல்லாவற்றுக்கும் “ஓம் டொக்டர்” என்றவள், காலையில் ஓர் இடியப்பம் போதும் என்றபோது மட்டும் வாயே திறக்கவில்லை.

ஏன் தெரியுமா? எங்கள் வீட்டில் ஒற்றை வைக்கிற வழக்கமில்லை. கரண்ட் மீற்றர் பார்க்க வருகிறவருக்கும் சாப்பாட்டுக் கோப்பையில் இரண்டு விழும். அதுவும் சந்திராவின் இடியப்பம்... நல்ல அகலம்!

செவ்வாய் காலை ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு எழும்பப் பார்த்தேன்.

“ஒற்றையிலை எழும்பக்கூடாதப்பா. இதையும் சாப்பிடுங்கோ.”

வயிறு போதும் என்றது. அவளுடைய முகத்தைப் பார்த்தேன். சொதியை ஊற்றிச் சாப்பிட்டேன்.

கொஞ்ச நேரந்தான். சட்டை நனைய வேர்த்தது. நெஞ்சு அடித்த அடியில் நிலத்திலேயே படுத்துவிட்டேன். கையில் அகப்பட்ட பத்திரிகையால் – இதே பத்திரிகைதான் – சந்திரா விசிறினாள். படபடப்பு அடங்கியதும் அவள் அழத் தொடங்கினாள்.

“ஒற்றை எண்டால் எனக்குப் பயமப்பா. உங்களை ஒப்பரேஷன் தியேட்டருக்கை கொண்டுபோனாப் பிறகு, நாலு மணித்தியாலம் வெளியிலை மர வாங்கிலை ஒற்றையா இருந்தனான்...”

அந்த நாலு மணித்தியாலமும் நான் மயக்கமருந்தில் சுகமாகத் தூங்கியவன். முழித்திருந்தவள் அவள்.

வெட்டுப்பட்ட வயிறு மெல்ல மெல்லப் பழகிவிடும் என்கிறார்கள். அதற்குக் கஞ்சி, மருந்து, கிளினிக் எல்லாம் உண்டு. வெளியே வாங்கில் இருந்தவர்களின் பயத்துக்கு யார் மருந்து எழுதுகிறார்கள்?

மறுநாள் காலை கோப்பையைப் பார்த்தேன். உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவில் இரண்டு இடியப்பம். எனக்கென்று தனியாகப் பிழிந்திருக்கிறாள். இரண்டையும் சேர்த்தால் பழைய ஒன்றுதான் வரும்.

மென்று மென்று சாப்பிட்டேன். சந்திரா என் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வேர்க்கேல்லைத்தானே?”

“இல்லை. சம்பல் எங்கை?”

அப்போதுதான் சிரித்தாள்.

“வயித்தைத்தான் வெட்டினவை. நாக்கை விட்டிட்டினம்!”