கிளிக் கடையும் ஒரு டிரம் கடுக்காய்த் தண்ணீரும்

பழைய கட்டடங்களைக் காப்பாற்றக் கிளம்புகிறவனுக்குச் சம்பளம் கிடையாது, விடுமுறை கிடையாது. வசவு மட்டும் வீடு தேடி வந்துவிடும்.

மனைவி போன பிறகு மயிலாப்பூரில் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் இதில் இறங்கினேன். எங்கள் குழுவுக்கு நான்தான் தலைவர். தேர்ந்தெடுத்த அன்று மற்றவர்கள் கூட்டத்துக்கு வரவில்லை. புடவைக் கடை வாசலில் பையைப் பிடித்துக்கொண்டு கால் மாற்றி மாற்றி நின்ற கணவர்களே, என் கஷ்டம் உங்களுக்குப் புரியும். மாட வீதிப் பக்கம் ஒரு பழைய மாடிக் கட்டடம். கீழே புடவைக் கடை, மாடி முகப்பில் சுதையில் செய்த இரண்டு கிளிகள். என் மனைவி உள்ளே புடவை பார்ப்பாள். நான் வெளியே கிளி பார்ப்பேன். அவள் ‘இதோ வரேன்’ என்று சொன்ன ஒவ்வொரு முறையும் எனக்கு ஓர் இறகு மனப்பாடமானது. அந்தக் கட்டடத்தை இடித்துக் கண்ணாடி மாளிகை கட்டப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் நேரே கடைக்குக் கிளம்பினேன்.

கெடு

கடைக்கும் கட்டடத்துக்கும் சொந்தக்காரர் திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி. கிளிகளை ஒரு பெரிய பிளெக்ஸ் போர்டு போட்டு மறைத்திருந்தார். வளைவு, தூண், கலர் கண்ணாடி ஜன்னல் என்று நான் பேசியதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்தார். பிறகு சொன்னார்:

“காரை பேந்து பேந்து விழுது பெரியவரே. ஒங்க கிளி எங்க கஸ்டமர் தலையில எறங்காதுன்னா இருந்துட்டுப் போட்டும். ஆடித் தள்ளுபடிக்குள்ள சரி பண்ணிக் காட்டுங்க. இல்லன்னா ஜேசிபிதான்.”

ஆதரவு திரட்டல்

ஊர் ஆதரவு வேண்டுமே என்று, ‘பழைய மயிலாப்பூரை நடந்து பார்ப்போம்’ என ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலைக்கு அழைப்பு விடுத்தேன். வந்தவர் ஒரே ஒருவர், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. புது ஷூ, நெற்றியில் வியர்வைப் பட்டை. நான் போர்டின் இடுக்கு வழியாகக் கிளியின் அலகைக் காட்டி விளக்கியபோது, அவர் நின்ற இடத்திலேயே முழங்காலைத் தூக்கித் தூக்கி ஓடிக்கொண்டிருந்தார். முடிவில் கையைக் குலுக்கினார்.

“பேச்செல்லாம் ரொம்ப நன்னா இருந்தது சார். ஆனா அடிக்கடி நிக்க வெச்சுடறேள், பல்ஸ் எறங்கிடறது.”

பட்டியல்

பழைய சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசினால் ஒட்டாது. நூலகத்தில் உட்கார்ந்து நானே படித்துத் தெரிந்துகொண்டேன். சுண்ணாம்பு, மணல், பல நாள் ஊறிய கடுக்காய், வெல்லம், கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக் கரு. சாமான்களைக் கொண்டுபோய் மேஸ்திரி கன்னியப்பன் முன்னால் வைத்தேன். அவர் வெல்லத்தைக் கொஞ்சம் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டார்.

“இன்னா சார், செவுரு பூசப் போறியா, இல்ல பொண்ணு பாக்க வர்றவங்களுக்கு டிபன் பண்ணப் போறியா?”

முட்டை

எங்கள் அடுக்குமாடியில் முட்டை என்ற சொல்லையே மெதுவாகத்தான் சொல்வார்கள். நான் அட்டை அட்டையாக வாங்கித் துணிப்பைக்குள் மறைத்துக்கொண்டு லிப்டில் ஏறினேன். முதல் மாடி மாமியும் ஏறினார். பை நழுவியது. மாமியின் கண் கலங்கிவிட்டது. பதற்றத்தில், “எனக்கில்லை மாமி, கிளிக்கு” என்று சொல்லித் தொலைத்தேன்.

“கிளி மேல ஏன் பழியைப் போடறேள் மாமா? மாமி போனப்புறம் நாக்கு கேக்கறதுன்னா ஒரு வார்த்தை சொல்லப்படாதா, நான் ரசம் சாதம் குடுத்தனுப்பியிருக்க மாட்டேனா?”

டிரம்

கடுக்காயும் வெல்லமும் ஊற வைத்த டிரம் கடையின் பின்கட்டில் இருந்தது. ஊற ஊற நுரைத்தது. நுரைக்க நுரைக்க மணத்தது. வாசனை தெருமுனை வரை போனதும் யாரோ சாராய ஊறல் என்று போலீசுக்குப் போன் போட்டுவிட்டார்கள். ஏட்டு ஒருவர் வந்து குச்சியை விட்டுக் கலக்கி, மோந்து பார்த்து, என்னையும் மோந்து பார்த்தார். வாசலில் கூட்டம் கூடிவிட்டது. அண்ணாச்சி தலையில் கைவைத்துக்கொண்டு துணி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். கட்டடம் கீழே போகும் முன்பு நான் உள்ளே போகப்போகிறேன் என்று நினைத்தேன். கன்னியப்பன் ஒரு வாளி எடுத்து, ஏட்டு கண்முன்னாலேயே சுண்ணாம்பில் ஊற்றிச் சுவரில் பூசிக் காட்டினார். ஏட்டு விரலால் சுவரைத் தொட்டுப் பார்த்தார்.

“மாட்டுனவன் எல்லாம் ஆளுக்கொரு கதை சொல்லுவான். செவுரு குடிக்குதுன்னு சொன்ன மொத ஆளு நீங்கதான் சார்.”

பச்சை

பூச்சு வேலைக்காகப் போர்டைக் கழற்றியிருந்தோம். சாராயக் கடையைப் பார்க்க வந்த கூட்டம் அண்ணாந்து கிளிகளைப் பார்த்தது. அவற்றின் கீழே நின்று செல்பி எடுத்தது. நின்ற காலோடு உள்ளே போய்ப் புடவையும் எடுத்தது. ஆடி பிறப்பதற்குள் ஊர் முழுக்க அதற்குக் கிளிக் கடை என்றே பெயர். காரை ஒரு துளி உதிரவில்லை. அண்ணாச்சி ஜேசிபிக்காரரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகக் கன்னியப்பன் வந்து சொன்னார்.

தள்ளுபடி தொடங்கிய அன்று நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனேன். வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்று மேலே பார்த்தேன். இரண்டு கிளிகளுக்கும் பளபளவென்று பச்சை எனாமல், சிவப்பு மூக்கு, கண்ணுக்கு மை. மனப்பாடமான இறகுகளில் ஒன்றைக்கூட அடையாளம் தெரியவில்லை. அண்ணாச்சி ஓடிவந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“எப்படி இருக்கு பெரியவரே? வெள்ளையாக் கெடந்தா கிளியா கொக்கான்னு யாருக்குத் தெரியும்? இனிமே இத இடிக்க எவனையும் விட மாட்டேன். தீபாவளிக்கு ரெண்டு மயிலும் ஏத்திருவோம்லா!”

இடிக்க வந்தவரிடமிருந்து ஒரு கட்டடத்தை எப்படியோ காப்பாற்றிவிடலாம், அதன் மேல் ஆசை வைத்துவிட்டவரிடமிருந்து காப்பாற்றுவதற்குத்தான் எந்தப் புத்தகத்திலும் வழி போடவில்லை.