பட்டுத் துணியில் மாட்டாத பலகை

இழைத்த பலகையில் கன்னத்தை வைத்தால் ஜில்லென்று இருக்கும், கூடவே லேசான புளிப்பு வாசனையும் ஏறும். பெங்களூரில் அல்சூர் பக்கத்து மர டிப்போ ஒன்றில் நான் அப்படிக் கன்னத்தை வைத்துக்கொண்டு நின்றபோது, என் முதுகுக்குப் பின்னால் அப்பாவும் அம்மாவும் போகிறவர் வருகிறவரெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சண்டையை நினைத்தால் எனக்கு இன்றும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஜோகுபாளையத்தில் ஒரு மாடி "போர்ஷன்"தான் எங்கள் வீடு. அப்பா தொழிற்சாலையில் இரும்பு கடையும் லேத் மிஷின் ஓட்டியவர். ஆள் குறைக்கிறோம் என்று "வி.ஆர்.எஸ்." கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அன்று வந்து சுவரோரம் உட்கார்ந்தவர்தான். காலையில் ஷிப்டுக்குப் போகிற நேரத்துக்கே எழுவார், சவரம் செய்துகொள்வார், மறுபடி அதே சுவரில் போய்ச் சாய்ந்துகொள்வார். போட்டால் சாப்பிடுவார், போடாவிட்டால் கேட்கமாட்டார். நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போதும் அங்கேயேதான் இருப்பார். அம்மா என்னிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. "இந்த மனுஷன் இப்பிடியே இருந்தார்னா ஒரேயடியா உக்காந்துடுவாருடி. எப்பிடியாச்சும் எழுப்பணும்" என்றாள், குழாயடியில் குடத்தை என் இடுப்பில் ஏற்றிவிட்டபடி.

அம்மா வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பவள். மறுநாளே அவர் முன்னால் போய் நின்றாள். "தரையில குனிஞ்சு குனிஞ்சு துணி வெட்டி இடுப்பு போச்சு. டிராயர் வெச்ச டேபிள் ஒண்ணு செஞ்சு குடுங்க."

"நான் இரும்பு வேலைக்காரன். மரத்தப் பத்தி எனக்கு இன்னா தெரியும்?"

"அளவு தெரியுமில்ல? போதும், கெளம்புங்க."

மர வேலை தெரிந்தவர்கள் சொரசொரப்பான பலகையாக வாங்கிவந்து வீட்டில் "ரந்தா" என்கிற இழைப்புளியால் இழைத்துக்கொள்வார்கள். எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கீழ் வீட்டில் மூச்சிழுப்புள்ள கைக்குழந்தை, மரத்தூள் பறந்தால் ஆகாது. ஆகவே மிஷினில் இழைத்து, நான்கு பக்கமும் வழவழவென்று தயாராக இருக்கும் பலகைதான் வேண்டும். பார்த்தால் எல்லாம் ஒரேபோல் பளபளக்கும், கோணலும் குறையும் அந்தப் பளபளப்புக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். தேர்ந்தெடுப்பவர் பாடு திண்டாட்டம்.

டிப்போவுக்குள் நுழைந்ததும் அப்பா சட்டைப்பையிலிருந்து வெர்னியரை எடுத்தார். இரும்புத் துண்டின் தடிமனை மயிரிழை பிசகாமல் காட்டுகிற கருவி அது. அதை மரத்தில் வைத்து அளந்தவர் அவர் ஒருவராகத்தான் இருப்பார். டிப்போக்கார பாய் சிரித்துவிட்டார். "இன்னா சார், கம்மலா செய்யப்போறீங்க?"

அப்பாவுக்குப் பிடித்தது ஹொன்னே, அதாவது நம் வேங்கை. எல்லாப் பலகையும் ஒரே தடிமன். அம்மா வெள்ளை லைனிங் துணியை நனைத்துப் பலகையில் தேய்த்தாள். துணி மஞ்சளாகிவிட்டது. "வேணாம்" என்றாள். அடுத்து மத்தி மரம், நம் பக்கம் கருமருது என்பார்களே, அது. அப்பா ஒன்றை எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்து, முறுக்கில்லை, வளைவில்லை என்று தலையாட்டினார். அம்மா பையிலிருந்து பட்டுத் துண்டு ஒன்றை எடுத்து அதன்மேல் மெல்ல இழுத்துக்கொண்டே போனாள். பாதி தூரத்தில் பட்டு மாட்டிக்கொண்டது. "இதுவும் வேணாம்."

"ஏய், அளவு பக்காவா இருக்குது! துணி தைக்கிறவளுக்கு மரத்தப் பத்தி இன்னா தெரியும்?"

"அது மேல கல்யாணப் பட்ட விரிச்சு வெட்டப்போறது நானு. சிராய் மாட்டி நூல் இழுத்துச்சுன்னா யாரு பதில் சொல்றது? நீங்களா, உங்க வெர்னியரா?"

அப்பா கத்தினார். அம்மா அதற்கு மேல் கத்தினாள். பயந்துபோய்த் திரும்பிய நான் அம்மாவின் முகத்தைப் பார்த்து அசந்துவிட்டேன். வாய் சண்டை போடுகிறது, கண்ணில் நீர் கட்டி நிற்கிறது, உதட்டோரத்தில் சிரிப்பு! மாதக்கணக்கில் வாய் திறக்காத மனுஷன் அல்லவா கத்துகிறார்!

பாய் நல்ல மனிதர். "சண்ட போடுங்கமா, பரவால்ல. கலைச்ச அடுக்க திருப்பி அடுக்கிட்டுப் போங்க, அவ்ளோதான்" என்று டீ வரவழைத்துக் கொடுத்தார். சாயங்காலம் வரை இருவரும் அடுக்கைப் புரட்டினார்கள். அப்பாவின் கண்ணும் அம்மாவின் பட்டும் இரண்டுமே ஒப்புக்கொண்ட பலகைகள் மட்டும் லக்கேஜ் ஆட்டோவில் ஏறின.

டேபிள் அருமையாக வந்தது. டிராயருக்கும் சட்டத்துக்கும் இடையே காகிதம்கூட நுழையாது. லேத்துக்காரர் கணக்கு அது. மழைக்காலம் வந்ததும் மரம் ஊதிக்கொண்டது. ஒரு கல்யாணப் பெண்ணின் ஜாக்கெட் உள்ளே, பெண்ணின் தாயார் வாசலில், டிராயர் அசைய மாட்டேன் என்கிறது. கடைசியில் அப்பா பின்பக்கப் பலகையை உடைத்து ஜாக்கெட்டை எடுத்துக் கொடுத்தார். கொடுத்தவர் நேராகப் போய் அந்தச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

அம்மா ஆறுதல் சொல்லவில்லை. தைத்து முடித்த ஜாக்கெட் ஒன்றை உட்புறம் திருப்பி அவர் மடியில் போட்டாள். "பாருங்க, உள்ள எவ்ளோ துணி விட்டிருக்கேன். ஒடம்பு ஏறும் எறங்கும்னு எடம் விட்டுத்தான் தைக்கணும். மரத்துக்கும் ஒடம்பு இருக்குதுல்ல? பிரிச்சுத் திருப்பி செய்யுங்க."

அப்பா அந்தத் தையலுக்குள் விட்டிருந்த துணியை விரலால் அளந்து பார்த்தார். பிறகு எழுந்து ஸ்க்ரூடிரைவரைத் தேடினார். அந்த வருஷமே கீழ் வீட்டுக்காரர்கள் அலமாரி கேட்டார்கள், பிறகு தெருவில் யார் யாரோ கேட்டார்கள். ஒவ்வொரு முறையும் பலகை பார்க்க இருவரும் சேர்ந்துதான் போவார்கள், சண்டையும் தவறாமல் நடக்கும். நான் கல்லூரி முடித்தது அந்த மரவேலைக் காசில்தான்.

டிப்போ இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு. பாய் குடும்பம் எங்கே போனதோ தெரியவில்லை. இழைத்த பலகை இப்போது பிளாஸ்டிக் உறைக்குள் வருகிறது, கன்னத்தை வைக்க வழியில்லை. போன வருஷம் அம்மாவும் போய்விட்டாள். என் வீட்டுக்கு வந்த அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார், போட்டால் மட்டும் சாப்பிட்டார்.

போன வாரம் அவர் முன்னால் போய் நின்றேன். "அப்பா, எனக்கு ஒரு புத்தக அலமாரி வேணும்."

நிமிர்ந்து பார்த்தார். "பலக யாரு பாக்குறது? உங்கம்மா இல்லியே."

"நான் பாக்குறேன்."

"உனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார் கோபமாக. சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார்.