திருக்கைக்கு ஒரு மதிப்பெண்

நாலாம் வகுப்பில் எனக்கு ஒரு மதிப்பெண் குறைந்துபோனதற்குத் திருக்கை மீன்தான் காரணம். 'குட்டி போடும் விலங்குகள் மூன்றினை எழுதுக' என்பது கேள்வி. ஆடு, நாய், திருக்கை என்று எழுதியிருந்தேன். ஆட்டுக்கும் நாய்க்கும் சரி போட்ட டீச்சர், திருக்கையின் மேல் தாள் கிழிகிற மாதிரி சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தார். பக்கத்திலேயே குண்டு குண்டாக, 'மீன் முட்டையிடும்'.

எனக்கு வந்ததே கோபம்! சாந்தோம் கரையில், அலைச் சத்தம் கேட்கிற வீட்டில் பிறந்தவள் நான். டீச்சரோ மயிலாப்பூர் மாட வீதியிலிருந்து வருகிறவர். மீன் கூடை எதிரே வந்தால் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விடுவார். அவர் எனக்கு மீனைப் பற்றிச் சொல்வதா? நோட்டைத் தூக்கிக்கொண்டு அவருடைய மேஜைக்கே போனேன்.

"திருக்க குட்டிதான் டீச்சர் போடும். எங்க நைனா காட்டிகிறாரு."

டீச்சர் வகுப்பில் எப்போதும் புத்தகத் தமிழில்தான் பேசுவார். "அப்படியா? குட்டி போட்டால் பால் கொடுக்க வேண்டுமே. உன் திருக்கை பால் கொடுக்குமா?" என்று கேட்டார். வகுப்பே கொல்லென்று சிரித்தது. நோட்டை எடுத்துக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

இன்று ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன். திருக்கைக்கு எலும்பே கிடையாது, உடம்பு முழுக்கக் குருத்தெலும்பு, சுறாவுக்கு நெருங்கிய சொந்தம், கண் முதுகுப் பக்கம், வாயும் செவுளும் வயிற்றுப் பக்கம், முட்டை வயிற்றுக்குள்ளேயே பொரிந்து குட்டியாகத்தான் வெளியே வரும் என்றெல்லாம் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டுகிறேன். எந்த மாணவியும் என்னோடு சண்டைக்கு வருவதில்லை. வந்தால் நன்றாக இருக்கும்.

அப்போது அம்மாவுக்கு ஒன்பதாம் மாசம். நோட்டுச் சண்டை நடந்து ஒரு வாரம் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். நாலாம் நாள் ஆட்டோவில் அம்மா, நைனா, அத்தை மூவரும் வந்து இறங்கினார்கள். மூன்று பேர் கையிலும் பாப்பா இல்லை.

"பாப்பா எங்க?"

நைனாவின் அக்காவான அத்தைதான் பதில் சொன்னாள். "தங்கச்சி பாப்பா, கண்ணு. கண்ணாடிப் பொட்டில வெச்சிகிறாங்கோ. பால் குடிக்கிற தெம்பு வந்தா அப்பால அனுப்பிடுவாங்கோ."

தங்கச்சி வயிற்றுக்குள்ளேயே இறந்துபோயிருந்தாள். என்னைத் தவிர அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். சின்னப் பிள்ளையிடம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம், மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று எல்லாருமாகச் சேர்ந்து என்னைக் காப்பாற்றிவிட்டார்கள். அப்படிக் காப்பாற்றாமல் இருந்திருக்கலாம்.

நைனா கடலுக்குப் போகவில்லை. கரையில் ஏற்றி வைத்த படகின் நிழலில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். பாப்பா பிறந்ததற்கு லீவு போட்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அத்தை பட்டினப்பாக்கத்தில் மீன் விற்றுவிட்டுத் திரும்பும்போது தினமும் மல்லிப்பூ வாங்கி வந்தாள். அதை அம்மாவின் தலையில் வைக்காமல், நெஞ்சில் வைத்துப் பழைய சேலைத் துணியால் இறுக்கிக் கட்டினாள். பிள்ளை பெற்றவர்களுக்கு இப்படியும் ஒரு அலங்காரம் உண்டு போலிருக்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். அம்மா சுவரைப் பார்த்தபடி இருந்தாள்.

எனக்கு ஒரே ஒரு குறைதான். எங்கள் பக்கம் பிள்ளை பெற்ற வீட்டில் அடுப்பில் பால்சுறாவோ திருக்கையோ கொதிக்க வேண்டும். பூண்டும் மிளகும் அள்ளிப் போட்டுக் குழம்பு வைப்பார்கள். அதைத் தின்றால்தான் தாய்க்குப் பால் ஊறும். அடுத்த வீட்டு அக்காவுக்கு அப்படித்தான் செய்தார்கள். எங்கள் வீட்டில் மட்டும் ரசமும் சோறும். பால் இல்லாத வீட்டுக்கு ஆஸ்பத்திரிக்காரர்கள் பாப்பாவை எப்படி அனுப்புவார்கள்? பெரியவர்கள் மறந்துவிட்டார்கள், இனி நான்தான் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தேன். அந்த வயதில் எனக்கு அவ்வளவு பொறுப்பு!

சனிக்கிழமை காலை, நைனா ரேஷன் கடைக்கும் அத்தை கூடையோடு பட்டினப்பாக்கத்துக்கும் கிளம்பியதும், அலுமினியச் சட்டியைத் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடினேன். பெரியப்பாவின் படகு அப்போதுதான் வந்து ஏறியிருந்தது. பத்து நாள் பழவேற்காட்டில் மாமனார் வீட்டில் இருந்துவிட்டு முந்தின நாள் இருட்டியபின் வந்தவர், விடியுமுன்பே கடலுக்குப் போய்விட்டார். எங்கள் வீட்டுச் சேதி யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. வலையிலிருந்து ஒரு திருக்கையை மணலில் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அது இறக்கையை மணலில் அடித்துக்கொண்டே, என் கண்ணெதிரே, குட்டி போட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. வெற்றிலையைச் சுருட்டி வைத்த மாதிரி வெளியே விழுந்து, மெல்ல விரிந்தன. ஒவ்வொன்றுக்கும் நூல் போல வால்.

டீச்சரை அந்த இடத்துக்கே கையைப் பிடித்து இழுத்து வர வேண்டும் போலிருந்தது எனக்கு.

"ஏன் பெரிப்பா இங்க வந்து போடுது?"

"வலையில மாட்டிக்கினா பயந்து போட்டுடும் கண்ணு. நாள் ஆவலயே இதுங்களுக்கு."

"பொயைக்குமா?"

"தண்ணில வுட்டுப் பாரு."

விட்டுப் பார்த்தேன். மூன்றையும் அலை திருப்பிக் கொண்டுவந்து போட்டது. மறுபடி விட்டேன், மறுபடியும் கொண்டுவந்து போட்டது. பெரியப்பா போதும் வா என்றார். திருக்கை வேண்டும், அம்மாவுக்கு என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, பொறந்துச்சா! இன்னா கொயந்த?"

"தங்கச்சி பாப்பா."

"மகாலச்சுமி!" என்று சொல்லி, வாலில் இருந்த விஷ முள்ளை வாலோடு வெட்டி எறிந்துவிட்டு, முழுத் திருக்கையையும் என் அலுமினியச் சட்டியில் போட்டார். "பூண்டு நெறைய போடச் சொல்லு. பால் நல்லா ஊறும்."

அம்மா தனியாகப் படுத்திருந்தாள். சட்டியை அவள் முன்னால் வைத்து, "பெரிப்பா குட்த்தாரு. நீ துன்னாதான் பால் ஊறும், பாப்பா வரும்," என்றேன். அம்மா என்னையும் சட்டியையும் பார்த்தாள். என்னை அடித்திருக்கலாம், கத்தியிருக்கலாம். எழுந்து அரிவாள்மனையை எடுத்தாள்.

வயிற்றை அறுத்தபோது உள்ளே இன்னும் ஒரு குட்டி இருந்தது. அதைச் சுற்றி வெள்ளையாக, கெட்டியாக ஏதோ வழிந்தது. அம்மா விரலில் தொட்டுப் பார்த்தாள்.

"இது இன்னாடி, பாலாட்டம் கீது."

"திருக்க பால் குடுக்குமான்னு டீச்சர் கேட்டாங்கம்மா."

அம்மா விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். பிறகு, "உள்ளயே குட்த்து முடிச்சிடும் போல," என்றாள். குட்டியை ஒரு பழந்துணியில் சுற்றி, கடலில் விட்டுவிட்டு வரச் சொன்னாள்.

அம்மா சொன்னதுதான் சரி. பத்து வருஷம் கழித்து அதைப் பாடப்புத்தகத்தில் படித்தேன். திருக்கையின் கருப்பைச் சுவரில் பால் போன்ற ஒரு திரவம் சுரக்கும், குட்டிகள் அதைக் குடித்துத்தான் உள்ளே வளரும், பிறந்த பிறகு தாய்க்கும் குட்டிக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அன்று புத்தகத்தை மூடிவிட்டு விடுதி அறையில் தேம்பித் தேம்பி அழுதேன். பரீட்சை பயம் என்று அறைத்தோழி டீ வாங்கிக் கொடுத்தாள்.

குழம்பை அம்மாவே வைத்தாள். அம்மாவே தின்றாள். ஒரு துண்டு விடாமல், அழுதுகொண்டே, சோறுகூட இல்லாமல் தின்றாள். காரம் அதிகம் என்று நினைத்துத் தண்ணீர் மொண்டு கொடுத்தேன்.

மத்தியானம் வந்த அத்தை, சட்டியைப் பார்த்ததும் கூடையைப் போட்டுவிட்டு என் முதுகில் நாலு வைத்தாள். "பாவி! இன்னா காரியம் பண்ணிகீற! நான் அல்லாடிக்கினு கீறேன், நீ இத்த எடுத்தாந்து..." அம்மா எழுந்து குறுக்கே வந்தாள். "வுடுங்க அண்ணி. நாந்தான் துன்னேன். கொயந்த இன்னா பண்ணும்?" அத்தைக்குப் பங்கு வைக்காத கோபம் என்று எனக்குப் பட்டது.

அதற்குப் பிறகு மூன்று நாள் அம்மாவின் ரவிக்கை நனைந்துகொண்டே இருந்தது. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். ஒரு முழம் பூ மூன்று முழமானது. திருக்கை தின்றால் பால் ஊறும் என்பதற்கு ஆதாரம் எதையும் நான் படித்ததில்லை. ஆனால் அந்த மூன்று நாளை எந்தப் பாடத்தாலும் என்னால் துடைக்க முடியவில்லை. அம்மாவிடம் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் அவளும் அதை நினைத்துக்கொள்வாளே என்ற பயம்தான்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு வெற்றியோடு போனேன். டீச்சரிடம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். திருக்கை குட்டி போட்டதைப் பார்த்தேன், பால்கூட உள்ளே இருந்தது, அம்மாவுக்குக் குழம்பு, எங்கள் வீட்டில் தங்கச்சி பாப்பா, இன்னும் ஆஸ்பத்திரியில் இருக்கிறது, அத்தை தினமும் அம்மாவுக்கு மூன்று முழம் மல்லிப்பூ வாங்குகிறாள்.

டீச்சர் சிரித்துக்கொண்டே, "தலை கொள்ளாதே, அவ்வளவு பூவையும் என்ன செய்கிறாள்?" என்று கேட்டார்.

"தலையில இல்ல டீச்சர். நெஞ்சுல வெச்சுக் கட்டிக்கினு கீறாங்க."

டீச்சரின் சிரிப்பு நின்றுபோனது. "என்னடி சொல்றே? எங்கே கட்டிண்டிருக்கா?" என்றார், அவர்கள் வீட்டுப் பேச்சில். வகுப்பில் அவர் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. இன்னொரு தடவை சொன்னேன், என் நெஞ்சிலேயே கையை வைத்துக் காட்டினேன்.

பால் வற்றுவதற்குத்தான் மல்லிப்பூ கட்டுவார்கள். குடிக்கப் பிள்ளை இல்லாத தாய்க்குக் கட்டுவார்கள். அது குப்பத்திலும் தெரியும், மாட வீதியிலும் தெரியும். ஒன்பது வயதில் எனக்குத் தெரியாது.

டீச்சர் என் நோட்டை வாங்கினார். பழைய பக்கத்தைத் தேடிப் பிடித்து, 'மீன் முட்டையிடும்' என்பதை அடித்தார். பெருக்கல் குறியின் மேலேயே பெரிதாகச் சரி போட்டு, இரண்டை மூன்றாக்கினார். மீன் கவுச்சி அடிக்கும் என் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தோற்றுப்போனதால் டீச்சருக்கு அழுகை வருகிறது என்று எனக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. ஆனாலும் மூன்றுக்கு மூன்று! தங்கச்சி வந்ததும் முதலில் இதைத்தான் காட்ட வேண்டும் என்று, நோட்டு மடங்காமல் புத்தகங்களுக்கு நடுவே செருகி வைத்துக்கொண்டேன்.