சாமிசென்னும் பேஞ்சோவும்

மைதிலி ஹம்பேர்க்கில் காது கேளாதவர்களுக்குக் கருவி பொருத்தும் கடையில் வேலை செய்பவள். வேலை முடிந்து வந்து, படுக்கையறை மூலையில் கணினியோடு உட்கார்ந்து குறும்படங்களுக்கு இசையமைப்பாள். பெரிய புகழ் ஒன்றுமில்லை. பொறுமைசாலி என்ற பெயர் மட்டும் இருந்தது, இயக்குநர் யூட்சனின் படத்தை ஒப்புக்கொள்ளும் வரைக்கும்.

கப்பல் பழுதாகித் துறைமுகத்தில் மாட்டிக்கொண்ட ஜப்பானியச் சமையல்காரிக்கும் அமெரிக்க மெக்கானிக்குக்கும் காதல். அதுதான் யூட்சனின் கதை. இசையும் இரண்டு நாடும் கலந்ததாக இருக்க வேண்டும் என்றார். மைதிலி ஜப்பானின் சாமிசென்னையும் அமெரிக்க பேஞ்சோவையும் எடுத்துக்கொண்டாள். இரண்டும் தோல் போர்த்திய நரம்பு வாத்தியங்கள், ஒட்டும் என்று நம்பினாள். கணினியில் ஒரு மாதிரி இசை செய்து யூட்சனுக்கு அனுப்பினாள்.

"ஜப்பான் கூடிப்போச்சு, தங்கச்சி."

மாற்றி அனுப்பினாள். "இப்ப அமெரிக்கா கூடிப்போச்சு." திரும்பவும் மாற்றினாள். "ரெண்டும் பக்கத்தில பக்கத்தில நிக்குது. கலந்து வரேல்லை." அடுத்த வாரம் வந்ததுதான் உச்சம். "கொஞ்சம் தபேலா போட்டுப் பாப்பமே? எங்கட சனம்தானே பாக்க வரும்."

"தபேலா எப்ப அண்ணை எங்கட வாத்தியமானது?" என்று கேட்டுவிட்டு ஃபோனை வைத்தாள்.

"நீர் ஏலாதெண்டு சொல்லிவிடும்" என்றான் கணவன் ராகவ். சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த இரண்டு வாத்தியங்களையும் ஒன்றாகக் கேட்கும் ஆசை அவளை விடவில்லை.

ஒலிப்பதிவுக்குச் சாமிசென் வாசிக்கும் ஹாருக்கோவும் பேஞ்சோக்காரர் டேலும் வந்தார்கள். யூட்சனும் வந்தார், அதுதான் வினை. ஒரு வரி முடிவதற்குள் கையைத் தூக்குவார். இன்னும் சோகமாக வேண்டும் என்பார். பிறகு இவ்வளவு சோகம் வேண்டாம் என்பார். ஹாருக்கோ வாத்தியத்தை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டாள்.

"அண்ணை, எல்லாருக்கும் கோப்பி வாங்கிக்கொண்டு வாங்கோவன்" என்றாள் மைதிலி, பல்லைக் கடித்துக்கொண்டு.

அவர் போனதும் ஹாருக்கோ தளர்ந்த நரம்பை முறுக்கிச் சுருதி பார்த்தாள். டேல் சும்மா அதே சுரத்தைத் தட்டினார். அவள் இன்னொன்றை வீசினாள். அவர் அதைப் பிடித்து, கொஞ்சம் இழுத்துத் துள்ளலாகத் திருப்பிக் கொடுத்தார். மைதிலி மெல்லப் பதிவுப் பொத்தானை அழுத்தினாள். கேட்பது எது, பதில் சொல்வது எது என்று பிரிக்க முடியாத இடத்துக்கு இருவரும் போய்ச் சேர்ந்தபோது கதவு கிறீச்சிட்டது. கோப்பி வந்துவிட்டது.

திரும்ப வாசித்துப் பார்த்தார்கள், அதே இசை வரவில்லை. யூட்சன் பதிந்ததைக் கேட்டார். "உதுதான். நான் முதலே உதைத்தானே சொன்னனான்."

கதவுச் சத்தத்தை வெட்டினால் கடைசிச் சுரமும் போய்விடும் என்பதால் மைதிலி அப்படியே விட்டாள்.

திரையிடலன்று ஒருவர் எழுந்து, அந்தக் கதவுச் சத்தத்துக்கு என்ன பொருள் என்று கேட்டார். யூட்சன் மைக்கை வாங்கி, காதலைப் பற்றியும் திறக்கும் வாசல்களைப் பற்றியும் நீளமாகப் பேசினார். முன்வரிசையிலிருந்து மைதிலி எழுந்தாள்.

"அது அண்ணை கோப்பியோட வந்த சத்தம்."

மண்டபம் சிரித்தது. யூட்சனும் சிரித்தார். "எண்டாலும் அதுக்குள்ளயும் ஒரு கருத்து இருக்கு" என்று மறுபடி தொடங்கினார். மைதிலி உட்கார்ந்துவிட்டாள்.