நண்டண்ணையும் ஸ்கந்தபுரத்துக் கரம் போட்டியும்

காலை ஐந்தே முக்காலுக்கு முல்லைத்தீவில் பஸ் ஏறினோம், நானும் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரி ஜெசிந்தா அக்காவும். பரந்தனுக்கே ஐம்பது கிலோமீற்றர், பிறகு கிளிநொச்சி, அதற்கும் அப்பால் ஸ்கந்தபுரம். எல்லாம் ஒரு கரம்போர்ட் ஆட்டத்துக்காக.

போனில் எத்தனை புது விளையாட்டு வந்தாலும் வன்னியில் கரத்துக்கு மவுசு குறையவில்லை. அது போனுக்குள்ளேயே புகுந்துவிட்டது. ஜெசிந்தா அக்கா அதில் நண்டுப் படம் போட்டு ‘முல்லை நண்டு’ என்ற பெயரில் ஆடுகிறவர். ஸ்கந்தபுரத்தில் ஒரு விளையாட்டுக் கழகமே அவரிடம் தோற்றிருக்கிறது. புத்தாண்டு விழாவில் பக்கத்து ஊரோடு போட்டி என்றதும் கழகச் செயலாளர் எழுதினார்: “நண்டண்ணை, எங்கட பக்கம் வந்து விளையாடுங்கோ. கெஞ்சிக் கேக்கிறம்.”

“ஆம்பிளையெண்டெல்லோ நினைச்சிருக்கினம்? சொல்லேல்லையோ?” என்று பஸ்ஸில் கேட்டேன்.

“ஆரும் கேக்கேல்லையே. விளையாடத்தானே கூப்பிட்டவை?”

கல்யாணத்துக்குப் பிறகு நிஜப் பலகையில் ஆடக் கிடைக்கவே இல்லையாம். வழி முழுக்க விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டு வந்தார்.

கிளிநொச்சியில் அடுத்த பஸ் போய்விட்டிருந்தது. ஓட்டோக்காரர் இரண்டாயிரம் கேட்டார், பேரம் பேசாமல் ஏறினோம். பத்தரைக்கு மைதானம். செயலாளர் எங்களைத் தாண்டி ரோட்டை எட்டிப் பார்த்தார்.

“நண்டண்ணை வரேல்லையோ?”

“நான்தான் தம்பி,” என்றார் ஜெசிந்தா அக்கா.

செயலாளர் நாலு பேரோடு மரத்தடியில் குசுகுசுத்துவிட்டு வந்தார். “குறை நினையாதேங்கோ அக்கா. கரம் ஆம்பிளையளின்ர போட்டி. பொம்பிளையளுக்குச் சங்கீதக் கதிரை இருக்கு, பேரைக் குடுங்கோ.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “கெஞ்சிக் கூப்பிட்டது நீங்கள்தானே? காய் அடிக்கிறது விரல். அதுக்கு மீசை முளைக்க வேணுமோ?”

“மற்றக் கழகம் சிரிக்கும் அக்கா.”

“அப்ப நீர் ஒரு ஆட்டம் என்னோட விளையாடும்,” என்றார் ஜெசிந்தா அக்கா. “தோத்தா நான் கதிரையைச் சுத்தி ஓடுறன்.”

செயலாளர் வேலை இருக்கிறதென்று மைக்கைத் தூக்கிக்கொண்டு நழுவினார். அக்கா ஆட வேண்டிய இடத்தில் யாரோ ஒருவரின் சித்தப்பாவை இருத்தினார்கள். அந்த மனிதர் அடித்த அடியில் சொந்தக் காயைத் தவிர எல்லாம் விழுந்தது. ஜெசிந்தா அக்கா கூட்டத்துக்குப் பின்னால் நின்று, அவர் ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் தன் விரலைச் சுண்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. கழகம் படுதோல்வி. குடிக்கத் தந்த சோடாவைத் தொடாமல் வெளிக்கிட்டோம்.

திரும்பும் பஸ் பரந்தன் தாண்டியதும் அக்காவின் போன் சத்தம் போட்டது. செயலாளர் ஆட்டத்துக்கு அழைத்திருந்தார். கீழே ஒரு வரி: “அக்கா, ஒரு கேம் போடுவமா? ஆருக்கும் தெரியவராது.”

என்ன துணிச்சல்! போனைப் பறித்து நாலு வார்த்தை எழுதப் பார்த்தேன். அக்கா விடவில்லை. தானே ஆறுதலாக எழுதினார்: “மைதானத்தில மைக்கில கூப்பிடும் தம்பி. வாறன்.”

முல்லைத்தீவில் இறங்குமுன் செயலாளர் அந்த ஆட்ட அழைப்பை நீக்கிவிட்டிருந்தார்.