தையல் வகுப்பு நடத்திய வக்கீல்

அடிபட்டு வரும் பெண்களுக்கு இலவசமாக வழக்கு நடத்தும் வக்கீலுக்குச் சட்டம் ஓரளவு தெரிந்தால் போதும். ஒளிந்துகொள்ள நன்றாகத் தெரிய வேண்டும். நல்லது செய்யப்போய் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்ட வாசகர்களே, நானும் உங்கள் கட்சிதான்.

இல்லவே இல்லை

எங்கள் மையம் மயிலாப்பூரில் ஒரு சந்து வீட்டின் மாடியில் இருந்தது. முன்பக்கம் ஆபீஸ். பின்பக்கம், வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட பெண்கள் தங்குவதற்கு ஓர் அறை. தேடி வரும் கணவன்மார்களுக்கு இடம் தெரியக்கூடாது என்று வாசலில் ‘தையல் வகுப்பு’ என்று போர்டு மாட்டியது அடியேனின் மூளை. கணவன்மார்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஒருவர் கரண்ட் ஆபீசிலிருந்து வருவதாகச் சொல்லி மாடிப்படி வரை வந்துவிட்டார். அதன் பிறகு வாசலில் வண்டி போட்டு இஸ்திரி போடும் முனுசாமிக்குத் தனியாகப் பயிற்சி கொடுத்தேன். யார் கேட்டாலும், அடையாள அட்டையையே நீட்டினாலும், அப்படி ஒரு மையம் இங்கே இல்லை என்று சொல்லிவிட வேண்டும்.

போன வருஷம், எங்களுக்கு மானியம் தரும் அரசாங்கத்திலிருந்து நிஜமாகவே ஒருவர் ஆய்வுக்கு வந்திருக்கிறார். எனக்குத் தெரியாது. கொஞ்ச நாளில் கடிதம்தான் வந்தது: குறிப்பிட்ட முகவரியில் மையம் ஏதும் இயங்கவில்லை, எனவே மானியம் நிறுத்தப்படுகிறது. படித்துவிட்டுத் தலைதெறிக்கக் கீழே ஓடினேன். முனுசாமி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் பெருமையாகச் சொன்னார்:

“கார்டெல்லாம் காட்னாரும்மா. நானா ஏமாறுவேன்? ரெண்டு தபா கேட்டாரு, ரெண்டு தபாவும் இல்லவே இல்லைன்ட்டேன்.”

நான் இருக்கிறேன்

அப்போது எங்கள் பின்னறையில் அஞ்சலை தங்கியிருந்தார். நொச்சிக்குப்பத்தில் மீன் விற்பவர். கணவர் அடித்து வெளியே தள்ளி, வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டுவிட்டார். பத்தாவது படிக்கும் மகளோடு அஞ்சலைக்கு இருந்த ஒரே போக்கிடம் அந்த அறைதான். மானியம் போனால் மாசக் கடைசியில் அறையும் போகும். அதற்குள் அவருடைய வீட்டில் அவர் குடியிருக்கக் கோர்ட் உத்தரவு வாங்கியாக வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஆளின் வாசலில்தான் மறுபடி போய் நிற்க வேண்டும்.

மானியத்தைத் திரும்பக் கேட்க அரசு அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி, போர்டோடு எடுத்த போட்டோவும், பயன்பெற்ற பெண்கள் வரிசையாக நிற்கும் போட்டோவும் கேட்டார். பெண்களின் முகத்தைக் காட்ட முடியாது, போர்டைக் காட்டினால் தையல் வகுப்புக்குத்தான் மானியம் கிடைக்கும் என்றேன். பிறகு அரசியல் சாசனத்தில் தொடங்கி அரைமணி நேரம் வாதாடினேன். நடுவில் மேஜையைக்கூடத் தட்டினேன். மனிதர் எனக்கு டீ வரவழைத்துக் கொடுத்து, முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“மேடம், நீங்க இருக்கீங்கன்னு எனக்குத் தெரியுது. ஃபைலுக்குத் தெரியணுமே.”

மாமியின் ஜாக்கெட்

வீட்டுச் சொந்தக்காரர் கீழ்வீட்டு மாமி. வாடகைக்கு வந்தபோதே அவரிடமும் தையல் வகுப்பு என்றுதான் சொல்லி வைத்திருந்தேன். பொய் சொன்னால் அதற்குத் தைத்தும் கொடுக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நவராத்திரிக்கு மாமி ஜாக்கெட் துணி கொடுத்தார். கறுப்புக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு தி.நகர் வரை போய், ஒரு டெய்லரிடம் தைத்து வாங்கி, எங்கள் மாணவிகள் தைத்தது என்று கொடுத்தேன். பொங்கலுக்கு இன்னொன்று வந்தது. கை கொஞ்சம் தொளதொளவென்று இருக்கிறது, பெண்களுக்குச் சரியாகச் சொல்லிக்கொடு என்று எனக்கு அறிவுரையும் வந்தது.

மானியம் திரும்பக் கிடைக்காததால் மாடியைக் காலி செய்வதைச் சொல்லப் போன அன்று, மனசு கேட்காமல் உண்மையையும் சொல்லிவிட்டேன். மாமி முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

“தெரியுமேடி. தையல் கிளாஸுக்கு இத்தனை பேர் அழுதுண்டே படியேறி நான் பாத்ததில்லை.”

எதிர்மனு

ஆக, என் போர்டை உலகத்தில் முழுமனதாக நம்பிய ஒரே ஆள் அஞ்சலையின் கணவர். அவருடைய உறவினர் யாரோ, அஞ்சலை அந்த வாசலில் நுழைவதைப் பார்த்து, போர்டையும் படித்துவிட்டார். கோர்ட்டில் அவர்கள் தாக்கல் செய்த எதிர்மனுவில், தான் அடிக்கவே இல்லை என்றும், மனைவி குடும்பப் பொறுப்பை உதறிவிட்டுத் தையல் படிக்கப் போய்விட்டார் என்றும் எழுதியிருந்தது.

மாஜிஸ்திரேட் அம்மா என்னைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் அந்த அறையில் இருக்கும் மற்ற பெண்களின் முகவரியும் சபையில் அம்பலமாகிவிடும். சொல்லாவிட்டால் அஞ்சலை தானாகவே வீட்டைவிட்டுப் போனதாகிவிடும். இருபது வருஷ அனுபவசாலியான நான் ஒரு பக்கமாகக் கோட்டு பட்டனைத் திருகிக்கொண்டு நின்றேன். வெட்கமாக இருந்தது. மாஜிஸ்திரேட் அஞ்சலையிடமே, தையல் படிக்கிறீர்களா என்று கேட்டார்.

“எனக்கு ஊசில நூல் கோக்கவே கண்ணு தெரியாதும்மா. என் வூட்டு சாவிய வாங்கிக் குடுங்க, நான் இன்னாத்துக்கு இன்னொருத்தர் வூட்ல கெடக்கப் போறேன்?”

சாவி

மாசம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது உத்தரவு வந்தது. ஒரு பெண் போலீசைக் கூட்டிக்கொண்டு நொச்சிக்குப்பம் போனோம். தெருவே கூடிவிட்டது. கூட்டத்தைக் கண்டதும் எனக்கு உற்சாகம் வந்து, உத்தரவை உரக்கப் படிக்க ஆரம்பித்தேன். இரண்டாவது பத்திக்கு வருவதற்குள் கணவர் சாவியைப் போலீசிடம் கொடுத்துவிட்டார். என் குரலுக்குப் பயந்து என்று சொல்ல ஆசைதான். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

அஞ்சலை பூட்டைத் திறந்தார். மகள் தன் புஸ்தகப் பையை அலமாரியில் கொண்டுபோய் வைத்தாள். அதைப் பார்த்து என் கண் கலங்கிவிட்டது. இனி நன்றி சொல்வார்கள், அடக்கமாக ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று முகத்தைத் தயார் செய்துகொண்டு வாசலில் நின்றேன். அஞ்சலை வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நான் வந்து சேந்துட்டேன் வக்கீலம்மா. நாளிக்கு எவளாச்சும் அடிபட்டுக்கினு வந்தா அந்த ரூமு இருக்காதே, அவ எங்க போவா?”

எதிர்த்தரப்பு வாய்தா கேட்கும்போதெல்லாம் எரிந்து விழுந்து பழகிய நான், அன்றைக்கு என் கட்சிக்காரரிடமே வாய்தா கேட்டுவிட்டு வந்தவள்தான், இன்றுவரை பதில் தாக்கல் செய்யவில்லை.