நிற்கும்போது மட்டும் நடுங்கும் வண்டி

என் தங்கை ஒரு என்ஜினைக் கேட்கும்போது வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொள்வாள். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டால் தன் தலைக்குள் இருக்கும் சத்தமும் கூடச் சேர்ந்துவிடும் என்பாள். பார்ப்பவர்களுக்கு அது அசட்டுத்தனமாகத் தெரியும். வண்டியை விட வருகிறவர்கள் அந்த வாயைப் பார்த்துவிட்டு, "மெக்கானிக் வெளிய போயிருக்காரா?" என்று என்னிடம் வந்து கேட்பார்கள். நான் தையல் மெஷினை நிறுத்தாமலே, "அதோ குனிஞ்சு நிக்குதே, அதுதான் மெக்கானிக். வாய மூடினதும் பதில் சொல்லும்" என்பேன்.

எல்லோரும் அவளை நட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். பஸ் பணிமனையில் வேலை பழகிய காலத்தில் கூட வேலை செய்தவர்கள் வைத்த பெயர். ஆள் சின்னது, ஆனால் ஒரு இடத்தில் உட்கார்ந்தால் அசைக்க முடியாது என்பதற்காக வைத்தார்களாம். எனக்கு ஐந்து வயது இளையவள். நான் எட்டாவதோடு நின்றுவிட்டேன். அவள் தொழிற்பள்ளி வரை போனாள். வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். இப்போது தகரக் கூரை போட்ட ஒரே கொட்டகையில் முன்பாதி என்னுடையது, பின்பாதி அவளுடையது. நான் கார்களுக்கு சீட் கவர் தைக்கிறேன். அவள் என்ஜின் பார்க்கிறாள்.

இன்னொரு வேலையும் எனக்கு உண்டு. வண்டிக்காரர்கள் சொல்லும் குறையை நோட்டில் எழுதுவது. "அவங்க வாயால சொன்னத அப்படியே எழுதுக்கா. நீ திருத்தி எழுதினா வியாதியே மாறிப் போயிடும்" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். அதனால் ஒரு சொல்லைக்கூட நான் மாற்றுவதில்லை. என்ஜினுக்கு ஒரு நோட்டு, பிரேக், சக்கரம் வகைக்கு இன்னொரு நோட்டு.

இப்போது என் வீட்டுக்காரரின் காருக்கு வருகிறேன். அவர் வாடகைக்கு ஓட்டுகிறார். சவாரி பெரும்பாலும் ஆற்றுக்கு அந்தப் பக்கம். பாலம் கிடையாது, வண்டிகளை ஏற்றிக்கொண்டு போகும் பெரிய படகு இருக்கிறது. படகுத்துறைக்கு இறங்கும் சாலை நல்ல சரிவு. வண்டிகள் எல்லாம் மூக்கைத் தண்ணீரைப் பார்த்து வைத்துக்கொண்டு, வரிசையாகச் சரிவிலேயே காத்திருக்கும். விசில் ஊதினால் ஒவ்வொன்றாக இறங்கி, இரும்புத் தகட்டின் மேல் ஏறிப் படகுக்குள் போக வேண்டும்.

அந்த வாரம் புதன்கிழமை அவர் சொன்னதை நான் எழுதியது இது: "நிக்கும்போது மட்டும் நடுங்குது. முள்ளு மேலயும் கீழயும் ஆடுது. படகு வரிசையில ரெண்டு தடவ ஆஃப் ஆயிடுச்சு. ஓடும்போது ஒண்ணும் இல்ல."

நட்டு மூன்று நாள் அதோடு கிடந்தாள். பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தாள். காற்று உள்ளே போகும் வழியில் படிந்திருந்த கரியைச் சுரண்டித் துடைத்தாள். ரப்பர் குழாய்களில் விரிசல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக வளைத்துப் பார்த்தாள். வண்டி நிற்கும்போது என்ஜின் ஓடும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சின்ன வால்வையே புதிதாக மாற்றினாள். ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் வண்டியை ஓடவிட்டு, வாயைத் திறந்துகொண்டு கேட்டாள். என்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் முள் எண்ணூறில் ஆணி அடித்ததுபோல நின்றது.

"எனக்கு ஒரு தடவகூட நடுங்கிக் காட்ட மாட்டேங்குது மாமா. உங்களப் பாத்தாதான் பயப்படுது போல" என்றாள்.

"உன்னப் பாத்துதான் அடங்கிக் கிடக்குது. வீட்ல உங்க அக்கா முன்னாடி நான் இருக்கிற மாதிரி" என்றார் அவர்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். எங்கள் ஒன்பது வயது மகளை அந்தப் பக்கம் கண் டாக்டரிடம் காட்ட வேண்டும். அவள் பின் சீட்டில் உட்கார்ந்து கையாட்டினாள். நான் மெஷினில் நூல் கோத்துக்கொண்டிருந்ததால் தலையை மட்டும் ஆட்டினேன்.

பத்து நிமிஷம் போயிருக்கும். நட்டு என் மேஜைக்கு வந்து என்ஜின் நோட்டைத் திருப்பி, என் கையெழுத்தை விரலால் தொட்டுப் படித்தாள்.

"நிக்கும்போது மட்டும்னு சொல்லியிருக்காரு. இங்கயும் நின்னுட்டுதானே இருந்துச்சு?"

"இருந்துச்சு."

"அங்க என்ன வித்தியாசம்?"

"அங்க சரிவு. இங்க சமதரை."

"சரிவுன்னா என்ன, என்ஜினுக்கு சரிவு தெரியுமா?" என்று சொல்லிக்கொண்டே நின்றவள், சட்டென்று என்னைப் பார்த்தாள். "அக்கா. வரிசையில நிக்கும்போது மாமா கால் எங்க இருக்கும்?"

"பிரேக்லதான். சரிவுல வேற எங்க வைப்பாரு?"

அவள் முகம் வெளுத்துப் போனதை நான் பார்த்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். டிரைவர் சீட்டில் ஆள் இருக்கும்போது என்ஜினுக்குள் தலையை விடக் கூடாது என்பது நட்டுவின் சட்டம். பணிமனையில் ஒருவன் தெரியாமல் கியரைத் தட்டிவிட, வண்டி முன்னால் நகர்ந்து அவள் கண்ணெதிரே ஒருவருடைய இடுப்பை நசுக்கியிருக்கிறது. அதிலிருந்து சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சீட்டைக் காலியாக விட்டுத்தான் வண்டியைச் சோதிப்பாள். நல்ல சட்டம்தான். ஆனால் அந்த மூன்று நாளில் ஒருவரும் ஒரு தடவைகூட என்ஜின் ஓடும்போது பிரேக்கை மிதித்துப் பார்க்கவில்லை.

"பிரேக் நோட்ட எடு" என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை.

மூன்று வாரத்துக்கு முந்தைய பக்கத்தில் என் வீட்டுக்காரர் சொன்னது இருந்தது. "பிரேக் மிதிக்க கொஞ்சம் கனமா இருக்கு. மிதிச்சா உஸ்ஸுனு ஒரு சத்தம்." அன்று வேலை நெருக்கடி. பிரேக் பேடை மாற்றிவிட்டு, பழகினால் சரியாகிவிடும் என்று அனுப்பியிருந்தாள். இரண்டு குறையும் இரண்டு நோட்டில் கிடந்தன. சேர்த்துப் படிக்க யாருக்கும் தோன்றவில்லை. எழுதிய எனக்கும்தான்.

"பூஸ்டர் கிழிஞ்சிருக்கு. கிளம்பு" என்றாள்.

ஸ்கூட்டரை அவள் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து போன் போட்டுக்கொண்டே இருந்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஸ்டீயரிங் பிடித்திருக்கும்போது அவர் போனைத் தொடவே மாட்டார். இருபது வருஷமாக அதைப் பற்றி ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அன்று அந்த நல்ல பழக்கத்தை வாய்விட்டுத் திட்டினேன்.

"என்னடி அது பூஸ்டர்? எனக்குப் புரியுற மாதிரி சொல்லு."

"பிரேக் மிதிக்கு முன்னாடி கறுப்பா சட்டி மாதிரி இருக்கும்ல, அது. என்ஜின் உறிஞ்சுற காத்தை வச்சு நம்ம காலுக்கு பலம் குடுக்கும். உள்ள இருக்கிற ரப்பர் கிழிஞ்சுட்டா, மிதிக்கும்போதெல்லாம் வெளிக்காத்து என்ஜினுக்குள்ள போயிடும். அதான் நடுங்குது, நின்னு போகுது. நின்னு போச்சுன்னா மிதி கல்லு மாதிரி ஆயிடும்."

"நின்னா அவருக்குத் தெரிஞ்சிடுமே!"

"கால எடுத்தா சரியாயிடும்க்கா. அதான் மோசம். மறுபடி ஸ்டார்ட் பண்ணுவாரு, ஜம்முனு ஓடும். நான்தான் சரி பண்ணிட்டேன்னு வேற நினைச்சிட்டிருக்காரு. நம்பி இறங்குவாரு."

அவள் முதுகுச் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். காய்கறிக் கடைத் தெருவில் ஒரு லாரி குறுக்கே நின்று மூட்டை இறக்கிக்கொண்டிருந்தது. நட்டு ஸ்கூட்டரை நடைபாதையில் ஏற்றினாள். யாரோ எங்கள் குடும்பத்தையே திட்டினார்கள். எனக்குக் கண்ணுக்குள் அந்த இரும்புத் தகடும், அதன் இரண்டு பக்கமும் தெரியும் தண்ணீரும்தான். பின் சீட்டுக் கதவில் குழந்தைப் பூட்டு போடச் சொன்னதும் நான்தான். மகளால் உள்ளேயிருந்து திறக்க முடியாது.

சரிவின் உச்சிக்கு வந்ததும் எங்கள் வெள்ளை வண்டியைப் பார்த்துவிட்டேன். வரிசையில் இரண்டாவது. முன்னால் இருந்த வேன் தகட்டின் மேல் ஏறிக்கொண்டிருந்தது. விசில்காரர் கையைத் தூக்கி அடுத்த வண்டியை அழைத்தார்.

நட்டு ஸ்கூட்டரை அப்படியே விட்டுவிட்டுக் குதித்தாள். வண்டியோடு நான் கீழே விழுந்தேன். முழங்கை தோல் உரிந்தது எனக்குத் தெரியவே இல்லை. அவள் செருப்பு இரண்டும் கழன்று கிடக்க, வெறுங்காலோடு ஓடினாள். கார் மெதுவாக உருள ஆரம்பித்தது.

"மாமா! பிரேக்க நம்பாதீங்க! கையில இழுங்க! ரிவர்ஸ்ல போடுங்க!"

ஏன், எதற்கு என்று அவர் கேட்டிருந்தால் இதை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். பின் விளக்கு சிவந்தது. வண்டியின் சத்தம் ஒரு விக்கல் விக்கி நின்றது. ஆனால் வண்டி நிற்கவில்லை. ஈரச் சரிவில் இன்னும் ஒரு ஆள் நீளம் இறங்கியது. பிறகு ஹேண்ட் பிரேக்கை இழுத்த சத்தம், கியர் நறநறவென்று விழுந்த சத்தம். வண்டி முன்னும் பின்னும் உலுக்கிவிட்டு நின்றது. முன் சக்கரம் தகட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"யம்மா, விழுந்து சாக உனக்கு வேற துறையே கிடைக்கலையா?" என்று கத்திக்கொண்டு வந்தார் விசில்காரர். நட்டு அவரைப் பார்த்து, "அண்ணே, திட்டுறத அப்புறம் திட்டுங்க. முதல்ல சக்கரத்துக்கு நாலு செங்கல் குடுங்க" என்றாள். அவரும் திட்டிக்கொண்டே ஓடிப் போய்க் கொண்டுவந்தார்.

நான் பின் கதவைத் திறந்து மகளை வெளியே இழுத்தேன். அவள் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "சித்தி, உன் செருப்பு எங்க?" என்று கேட்டாள். என் வீட்டுக்காரர் இறங்கவில்லை. வலது கால் இன்னும் மிதியின் மேலேயே இருந்தது.

"வரிசையில ஒரு தடவ நின்னுச்சு நட்டு. ஸ்டார்ட் பண்ணேன், புடிச்சுக்கிச்சு. அதான்..." என்றார்.

அங்கேயே, நான்கு சக்கரத்துக்கும் செங்கல் வைத்த பிறகு, அவள் தன் சட்டத்தைத் தானே மீறினாள். அவரைச் சீட்டில் உட்காரவைத்து, தான் பக்கவாட்டில் நின்று குனிந்தாள். என்ஜினை ஓடவிட்டு மிதிக்கச் சொன்னாள். முள் எண்ணூறிலிருந்து நானூறுக்கு விழுந்து துடித்தது. பூஸ்டருக்குப் போகும் குழாயைப் பிடுங்கி, அதன் வாயைக் கட்டைவிரலால் அடைத்தாள். முள் ஏறி அசையாமல் நின்றது. "இதுதான்" என்றாள். மூன்று நாளாகத் தேடிய குறை கையில் சிக்கியும் அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை. விரலை எடுத்த பிறகும், குழாயைக் கழற்ற வண்டியிலிருந்து எடுத்த ஸ்பேனரை அவள் விடவில்லை. அதை நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்தோம். "என் தப்பு மாமா" என்று அவள் சொன்னாள். அவ்வளவுதான், விளக்கமோ சாக்கோ சொல்லவில்லை. புது பூஸ்டர் வந்து மாட்ட நான்கு நாள் ஆனது. இரண்டு நோட்டையும் நான் ஒரே நோட்டாகத் தைத்துவிட்டேன்.

ஐந்தாம் நாள் மதியம், கூட்டமில்லாத நேரத்தில், சரிவில் வைத்துப் பார்க்கக் கிளம்பினாள். என் வீட்டுக்காரர் சாவியைக் கேட்டார்.

"சரியாயிடுச்சுன்னு சொல்லி அனுப்பினது நான். நான்தான் ஓட்டுவேன்" என்றாள்.

அவளைத் தனியாக விட எனக்கு மனம் வரவில்லை. பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். "இறங்குக்கா" என்றாள். "நான் தைச்ச சீட்டு, நான் உக்காருவேன்" என்றேன்.

வரிசையில் எங்களுக்கு முன்னால் மூன்று வண்டிகள். நான் முள்ளை மட்டும் பார்த்தேன். அவள் தண்ணீரை மட்டும் பார்த்தாள். மிதியில் கால், எண்ணூறு. ஒரு வண்டி போனது, எண்ணூறு. வேண்டுமென்றே என்ஜினை அணைத்துவிட்டு மிதித்துப் பார்த்தாள். மிதி கல்லாகவில்லை, புது பூஸ்டர் சேர்த்து வைத்திருந்த பலத்தில் மெத்தென்று இறங்கியது. மறுபடி ஸ்டார்ட் செய்தாள். என் உள்ளங்கை வேர்வையில் சீட் கவரின் தையல் ஈரமாகிவிட்டது.

விசில் ஊதியது. அவள் காலை எடுக்கவில்லை. மறுபடி ஊதியது.

"என்னம்மா, இன்னிக்கு ஓடி வரலையா?" என்றார் விசில்காரர்.

பின்னாலிருந்து ஹார்ன் அடித்தார்கள். "போடி" என்றேன். அவள் காலை எடுத்தாள். வண்டி இறங்கியது. தகட்டுக்கு முன்னால் ஒரு தடவை மிதித்தாள், நின்றது. தகட்டின் மேல் ஒரு தடவை, நின்றது. படகுக்குள் போய் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கியரில் போட்டு, சாவியைத் திருப்பினாள். ஆட்கள் வந்து சக்கரத்துக்குக் கட்டை வைத்து, பின்னால் சங்கிலி மாட்டினார்கள்.

அக்கரை சேரக் கால் மணி நேரம் ஆனது. அதுவரை அவள் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவே இல்லை. நானும் எடுக்கச் சொல்லவில்லை.